சமாதானம் கரை சேர்வதற்குள்

1783ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் திகதி மாலை, கடலூருக்கு வெளியே வங்காள விரிகுடாவில் இரண்டு கடற்படைகள் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஒன்றையொன்று பீரங்கியால் சுட்டுக்கொண்டன. ஆங்கிலேய அட்மிரல் எட்வர்ட் ஹியூஸிடம் 18 பெரிய போர்க்கப்பல்கள் இருந்தன. பிரெஞ்சுத் தளபதி சஃப்ரெனிடம் 15. கப்பல் ஒன்றும் மூழ்கவில்லை, பிடிபடவுமில்லை. ஆங்கிலேயர் பக்கம் 99 பேரும் பிரெஞ்சுக்காரர் பக்கம் 102 பேரும் செத்தார்கள். அவர்கள் எந்த யுத்தத்தில் செத்தார்களோ அந்த யுத்தத்தை முடிப்பதற்கான முதற்கட்ட உடன்படிக்கை சரியாக ஐந்து மாதங்களுக்கு முன்பே, ஜனவரி 20ஆம் திகதி, வெர்சாயில் கையெழுத்தாகியிருந்தது.

செய்தி ஜூன் 29இல் வந்தது. வெள்ளைக்கொடி பறக்க ஓர் ஆங்கிலேயக் கப்பல் அதைக் கொண்டுவந்தது. ஜூலை 2இல் துப்பாக்கிகள் ஓய்ந்தன. கரையில் கணக்கு இன்னும் மோசம். ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் கடலூர்க் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார், உள்ளே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி இருந்தார். ஜூன் 13இல் நடந்த தாக்குதலில் ஆங்கிலேயர் பக்கத்தில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் பேர் செத்தோ காயப்பட்டோ விழுந்தார்கள். ஜூன் 25இல் கோட்டைக்குள் இருந்தவர்கள் வெளியே பாய்ந்து தாக்கித் தோற்றார்கள். இரு தரப்பிலும் தோளில் துவக்குச் சுமந்தவர்களில் பெரும்பகுதியினர் இந்த மண்ணின் சிப்பாய்கள். யாருடைய சண்டை என்று கேட்டால் அவர்களில் பலருக்குப் பதில் தெரிந்திருக்காது.

உண்மையில் அது அமெரிக்கர்களுடைய சண்டை.

பாடப் புத்தகத்தில் அமெரிக்கச் சுதந்திரப் போர் என்றால் லெக்சிங்டன், பங்கர் ஹில், சரட்டோகா, யோர்க்டவுன் ஆகிய நான்கு பெயர்கள் வரும். முதல் இரண்டும் 1775இல் நடந்தவை. மூன்றாவது, 1777 ஒக்டோபரில் ஒரு முழு ஆங்கிலேயப் படை சரணடைந்த இடம். அந்தச் சரணாகதியைப் பார்த்துத்தான் பிரான்ஸ் துணிந்து, 1778 பெப்ரவரியில் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு மாஹே. மாஹே போன கோபத்தில் ஹைதர் அலி 1780இல் கர்நாடகத்துச் சமவெளிக்குள் இறங்கினார். 1780 டிசம்பரில், அமெரிக்கர்களுக்குச் சரக்கு விற்கிறார்கள் என்ற ஆத்திரத்தில், பிரித்தானியா ஒல்லாந்தர் மீதும் போர் அறிவித்தது. அந்த நாளிலிருந்து மட்டக்களப்பும் திருகோணமலையும் நாகபட்டினமும் ஜோர்ஜ் வாஷிங்டனின் போருக்குள் வந்துவிட்டன.

1766 உடன்படிக்கையில் கண்டி மன்னர் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தருக்கு விட்டுக்கொடுத்திருந்தார். ஆகவே சம்மாந்துறையின் வயல்களும் கல்முனைக் கடற்கரையும் அப்போது மட்டக்களப்புக் கோட்டையின் ஆட்சிக்கு உட்பட்டவை. 1781 நவம்பரில் நாகபட்டினம் விழுந்தது. 1782 ஜனவரியில் ஹியூஸ் திருகோணமலையைப் பிடித்தார். ஏப்ரல் 12ஆம் திகதி, திருகோணமலைக்குத் தெற்கே புரொவிடியன் என்று மாலுமிகள் அழைத்த பாறைத் தீவுக்கு அருகில் ஹியூஸும் சஃப்ரெனும் மோதினார்கள். ஆங்கிலேயர் பக்கம் மட்டும் 137 பேர் மாண்டனர். பிறகு இரு படைகளும் முறிந்த பாய்மரங்களோடு, ஒன்றின் கண்ணுக்கு மற்றது தெரியும் தூரத்திலேயே, ஒரு வாரம் நங்கூரமிட்டுத் தச்சு வேலை பார்த்தன. சுடவும் தெம்பில்லை, போகவும் முடியவில்லை.

அதற்குப் பிறகு சஃப்ரென் ஒதுங்கிய இடம் மட்டக்களப்பு. மொரீசியஸுக்குத் திரும்பு என்று வந்த உத்தரவை அவர் பொருட்படுத்தவில்லை. நோயுற்ற மாலுமிகளைக் கரையிறக்கி, மே மாதம் முழுவதையும் அங்கே கழித்து, ஜூன் தொடக்கத்தில் பாய் விரித்தார். ஓகஸ்டில் மீண்டும் அங்கேதான் வந்து உதவிக் கப்பல்களை எதிர்கொண்டு, நேரே போய்த் திருகோணமலையைப் பிடித்தார். சம்மாந்துறையிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சத் தூரத்தில், அமெரிக்கச் சுதந்திரப் போரின் ஒரு முழுக் கடற்படை இளைப்பாறியிருக்கிறது.

இந்த வரலாறு ஒரு கேள்வியை விட்டுப்போகிறது. அது பள்ளிவாசல் மிம்பரடியிலும் மதரஸா வகுப்பிலும் வைத்துப் பேசத் தக்கது. முடிந்துபோன யுத்தத்தில், முடிந்தது தெரியாமல், ஒருவன் இன்னொருவனைக் கொன்றால் அது என்ன? வீரமா, கொலையா, விபத்தா? தெரியாமல் நடந்தது என்று சொல்லி அந்த 201 உயிரையும் ஏட்டில் மூடிவிடலாமா?

சம்மாந்துறைக்காரருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஊரிலேயே மூத்த அரபு மதரஸாக்கள் உண்டு. பக்கத்தில் ஒலுவிலில், தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இஸ்லாமிய கற்கைகள், அரபு மொழிப் பீடம் இருக்கிறது. ஆனால் மார்க்கச் சட்ட நூலைத் திறக்காமலே, பிறை பார்க்கும் இரவுகளில் ஒவ்வொரு வீடும் இதே வழக்கை விசாரிக்கிறது.

ஷஃபான் பிறை 29. மஃரிபுக்குப் பிறகு கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் அறிவிப்புக்காக வானொலியைச் சுற்றி வீடு காத்திருக்கிறது. பிறை தென்படவில்லை என்று வருகிறது. மறுநாள் காலை வீட்டுக்காரர் இடியப்பமும் சொதியும் வயிறாரச் சாப்பிட்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டு வயலுக்குப் புறப்படுகிறார். பத்து மணிக்குப் பள்ளிவாசல் ஒலிபெருக்கி பேசுகிறது: நேற்றிரவு பிறை கண்ட சாட்சியம் உறுதியாகிவிட்டது, இன்று ரமழான் தலைநோன்பு. இப்போது அந்த இடியப்பத்துக்கு என்ன தீர்ப்பு?

இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹப் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறது. அவர்மீது குற்றமில்லை. ஆனால் அந்தக் கணத்திலிருந்து மஃரிப் வரை வாய் கட்டி இருக்க வேண்டும். ரமழான் முடிந்த பிறகு அந்த ஒரு நோன்பைக் கழாச் செய்யவும் வேண்டும். தெரியாமல் சாப்பிட்டார் என்பதால் பாவம் எழுதப்படவில்லை. அதற்காக, பட்ட கடன் தீர்ந்ததாகவும் எழுதப்படவில்லை. இரண்டும் வெவ்வேறு ஏடுகள்.

மறுபக்கத்தில் ஓர் உதாரணமும் உண்டு. மதீனாவில் கிப்லா பைத்துல் முகத்தஸிலிருந்து கஃபாவின் பக்கம் மாற்றப்பட்டபோது, குபாவில் இருந்தவர்களுக்குச் செய்தி உடனே போகவில்லை. அவர்கள் ஸுப்ஹுத் தொழுகையில் பழைய திசையை நோக்கி நின்றார்கள். ஒருவர் வந்து சொன்னார். தொழுகையை முறிக்காமல், நின்ற நிலையிலேயே ஜமாஅத்தாகத் திரும்பினார்கள். முன்னர் தொழுததை மீட்டித் தொழும்படி யாரும் அவர்களைப் பணிக்கவில்லை. புதுச் சட்டம் காதில் விழும் வரை பழைய சட்டத்தின்படி நடந்தவன்மேல் பாக்கி ஒன்றும் இல்லை என்பதற்குச் சட்டக்கலை அறிஞர்கள் இந்தச் சம்பவத்தையே ஆதாரமாகக் காட்டுவார்கள்.

கடலூர்ப் பீரங்கிக்காரனை எந்த வரிசையில் நிறுத்துவது? குபாவில் நின்றவர் பக்கத்திலா, இடியப்பம் சாப்பிட்டவர் பக்கத்திலா?

இங்கேதான் உலமாக்கள் வகுத்த ஒரு பிரிவினை கைகொடுக்கிறது. அல்லாஹ்வின் உரிமை வேறு, அடியார்களின் உரிமை வேறு. தொழுகையின் திசை அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலான விடயம். அவன் மன்னித்தால் கணக்கு முடிந்தது. உயிர் போன இடத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். கொன்றவனுக்குத் தெரிந்ததா, தெரியாதா என்பதால் செத்தவன் வீட்டில் உலை கொதிப்பதில்லை. ஆகவேதான் சூரத்துன் நிஸா, தவறுதலான கொலைக்குக்கூட இரண்டு பொறுப்புகளை விதிக்கிறது. ஒன்று, செத்தவரின் குடும்பத்துக்குத் தியத் என்னும் இரத்த ஈடு. மற்றது கப்பாரா, அதாவது ஓர் அடிமையை விடுதலை செய்வது, இயலாவிட்டால் இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு பிடிப்பது. கொல்லப்பட்டவர் உடன்படிக்கை செய்துகொண்ட சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்தால் என்ன செய்வது என்பதையும் அதே வசனம் தனியாக எடுத்துச் சொல்கிறது. அங்கேயும் ஈடு உண்டு.

அந்தச் சட்டம் நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு ஸீறா நூல்களில் ஒரு சம்பவம் கிடைக்கிறது. கடலூருக்கு இவ்வளவு பொருந்தும் இன்னொன்றைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஹிஜ்ரி 4, அதாவது கி.பி. 625. பிஃரு மஊனா என்ற கிணற்றடியில், மார்க்கம் போதிக்கப் போன தோழர்கள் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார்கள். தப்பியவர்களில் ஒருவர் அம்ரு இப்னு உமையா (ரலி). மதீனாவுக்குத் திரும்பும் வழியில், மர நிழலில் இளைப்பாறிய பனூ ஆமிர் குலத்தார் இருவரைச் சந்தித்தார். தோழர்களைக் கொல்ல ஆள் திரட்டியவன் அந்தக் குலத்தவன். இருவரும் கண்ணயர்ந்ததும் பழி தீர்த்துவிட்டோம் என்ற நினைப்பில் அவர்களைக் கொன்றுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். அந்த இருவரும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் பாதுகாப்பு உடன்படிக்கை பெற்றுக்கொண்டு போனவர்கள். அம்ருவுக்கு அது தெரியாது.

தெரியாமல் செய்தார் என்று விட்டிருக்கலாம். அவர்களுடைய குலத்தவன்தானே முதலில் வஞ்சித்தான் என்றும் வாதாடியிருக்கலாம். நபியவர்கள் இரண்டையும் செய்யவில்லை. அம்ருவைத் தண்டிக்கவும் இல்லை. இருவருக்குமான தியத்தைத் தாமே பொறுப்பேற்றார்கள், அதற்காகப் பணம் திரட்டப் புறப்பட்டார்கள். கைச்சாத்திட்டவர் யாரோ, கடனும் அவருடையது. உடன்படிக்கையின் செய்தி தம் ஆளிடம் போய்ச் சேராதது ஆளின் குற்றமல்ல, ஆனால் செத்தவரின் குடும்பம் அதற்கு விலை கொடுக்கவும் கூடாது.

சரியாக ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, 1625இல், ஹியூகோ குரோஷியஸ் என்ற ஒல்லாந்துச் சட்ட மேதை போரினதும் சமாதானத்தினதும் சட்டம் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். மட்டக்களப்புக் கோட்டையைப் பின்னாளில் பிடித்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்காக வழக்குரை எழுதிக் கொடுத்தவரும் அவரே. போர்நிறுத்தம் பற்றிய அத்தியாயத்தில் அவர் இதே சிக்கலை எடுத்துக்கொள்கிறார். போர்நிறுத்தச் செய்தி எட்டாத ஒருவன் அதை மீறினால் அவனைத் தண்டிக்கக் கூடாது, ஆனால் நட்டத்தை உடன்படிக்கை செய்த தரப்பினர் ஈடு செய்ய வேண்டும் என்பது அவருடைய முடிவு. குரோஷியஸ் ஸீறா படித்து எழுதவில்லை. ரோமச் சட்டத்தையும் கிரேக்க வரலாற்றையும் புரட்டி அவர் தம் வழியில் வந்து சேர்ந்த இடம் அது.

ஆகவே, அந்தக் காலத்து ஐரோப்பியருக்கு இந்த நியாயம் தெரியாது என்று சொல்ல வழியில்லை. தெரிந்துதான் இருந்தது. வெர்சாய் உடன்படிக்கையை வாசித்தால் அது புலப்படும்.

உடன்படிக்கையை எழுதியவர்கள் தாமதத்தை மறக்கவில்லை. அதற்கென்று ஒரு பிரிவே வைத்தார்கள். ஒப்புறுதி நாளிலிருந்து ஆங்கிலக் கால்வாயிலும் வட கடலிலும் 12 நாள், அங்கிருந்து கனேரித் தீவுகள் வரை ஒரு மாதம், நிலநடுக்கோடு வரை இரண்டு மாதம், உலகின் மற்றெல்லாப் பாகங்களிலும் ஐந்து மாதம் தவணை. அந்தத் தவணை கடந்த பிறகு பிடிக்கப்பட்ட கப்பல்களையும் சரக்குகளையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒப்புறுதி பெப்ரவரி தொடக்கத்தில் நடந்தது. ஐந்து மாதத் தவணை ஜூலை தொடக்கம் வரை ஓடியது. கடலூரின் ஜூன் 13, ஜூன் 20, ஜூன் 25 மூன்றும் அந்தத் தவணைக்குள் அடங்கிவிட்டன.

இந்தப் பிரிவைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். கப்பலுக்கு ஈடு உண்டு, சரக்குக்கும் உண்டு. கைதிகளைப் பணயமின்றி விடுவதும், அவர்களைப் பராமரித்த செலவை அவரவர் அரசர் செலுத்துவதும் உடன்படிக்கையிலேயே இருக்கின்றன. எதிரி சிறையில் தின்ற சோற்றுக்குக் கணக்குப் பார்த்தவர்கள், சமாதானத்துக்குப் பிறகு போகும் உயிருக்கு ஒரு வரி எழுதவில்லை.

தெரியாமை யாருடையது என்ற கேள்வி இங்கே தலைகீழாகிவிடுகிறது. ஹியூஸுக்குத் தெரியாது, சஃப்ரெனுக்குத் தெரியாது, ஸ்டூவர்ட்டின் சிப்பாய்க்கு வெர்சாய் என்ற பெயரே தெரியாது. ஆனால் மேசையில் இருந்த அமைச்சர்களுக்குத் தெரியும். கிழக்கே இன்னும் சில மாதங்களுக்கு ஆட்கள் சாவார்கள் என்று அனுமானித்து, அதற்கு நாள் குறித்து, முத்திரை வைத்தவர்கள் அவர்கள். கடலூரில் சுட்டவனைக் குபாவின் வரிசையில் நிறுத்தி மன்னித்துவிடலாம். கையெழுத்திட்டவர்களுக்கு அந்த வரிசையில் இடமில்லை.

ஒரு மறுப்பு வரலாம். கடலூரில் செத்தவர்கள் சம்பளத்துக்குச் சேர்ந்த படைவீரர்கள், சாவுக்குத் தயாராக வந்தவர்கள், நிழலில் உறங்கிய வழிப்போக்கர்கள் அல்ல என்று சொல்லலாம். அது பாதி சரி. அவர்கள் உயிரை ஒப்படைத்தது ஒரு யுத்தத்துக்கு. யுத்தமே முடிந்த பின், அந்த ஒப்படைப்பும் காலாவதியாகிவிடுகிறது. ஜனவரி 20க்குப் பிறகு அவர்களிடமிருந்து பெற்றுக்கொள்ள அரசர்களுக்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை.

தூரம்தான் காரணம் என்றால் தந்தி வந்ததோடு இந்தப் பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. அமெரிக்கர்களும் பிரித்தானியரும் மீண்டும் மோதிய 1812ஆம் ஆண்டுப் போரில், 1814 டிசம்பர் 24இல் கெண்ட் நகரில் உடன்படிக்கை கையெழுத்தானது. 1815 ஜனவரி 8இல் நியூ ஓர்லியன்ஸில் பெரும் சண்டை நடந்தது. அங்கே ஆங்கிலேயத் தளபதி பேக்கன்ஹாமே மாண்டார். அதையும் கடல் தூரத்தின்மேல் போடலாம். ஆனால் முதலாம் உலகப் போர் ஓய்ந்த 1918 நவம்பர் 11இல் அப்படிச் சொல்ல முடியாது. அதிகாலை ஐந்து மணிக்குச் சற்றுப் பின் கையெழுத்து, அமலுக்கு வந்தது காலை 11 மணிக்கு. கம்பி வழியாகச் செய்தி சில நிமிடங்களில் போனது. இடையில் இருந்த மணித்தியாலங்களில் செய்தி தெரிந்த தளபதிகள் சிலர் தாக்குதலைத் தொடர்ந்தார்கள். வெர்சாயில் ஐந்து மாதமாக இருந்த தவணை ஆறு மணி நேரமாகச் சுருங்கியது, அவ்வளவுதான்.

கிழக்கிலங்கைக்கு இந்த விவாதத்தில் சொந்த அக்கறை உண்டு. 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் 12இல், சம்மாந்துறையை ஒட்டிய வீரமுனையில் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். இவை தெரியாமல் நடந்தவை அல்ல, கடலூர்க் கணக்கில் இவற்றைச் சேர்க்க முடியாது. ஆனால் குற்றமும் கடனும் இரண்டு ஏடுகள் என்ற அந்தப் பிரிவினை இங்கேயும் செல்லும். குற்றவாளியை நிறுத்தும் வழக்கு எவ்வளவு காலம் இழுபட்டாலும், குடும்பத்துக்கு உரிய ஈடு அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2018இன் 34ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இழப்பீட்டுக்கான அலுவலகம் நிறுவப்பட்டபோது நாடு தாமதமாகவேனும் கைவைத்தது அந்த இரண்டாவது ஏட்டில்தான்.

ஆட்சியாளனின் கடனை அவன் முகத்துக்கு நேரே சொல்வது யார் என்பது மிச்சமிருக்கும் கேள்வி. அதற்கு ஷாபிஈ நூல்கள் எடுத்தாளும் ஒரு சம்பவம் உண்டு. கலீபா உமர் (ரலி) ஒரு கர்ப்பிணிப் பெண்ணை விசாரிக்க ஆளனுப்பி அழைத்தார்கள். உமர் அழைக்கிறார் என்ற பயத்திலேயே அவளுக்கு வழியில் கருக் கலைந்தது. உமர் தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். உங்கள்மேல் ஒன்றுமில்லை, நீங்கள் ஒழுங்கை நிலைநாட்டுகிறவர் என்றார்கள் சிலர். அலி (ரலி) அவர்களோ வாய் திறக்காமல் இருந்தார்கள். உமர் திரும்பிக் கேட்டபோது, இது இவர்களுடைய சொந்தக் கருத்தானால் கருத்துத் தவறு, உங்களைத் திருப்திப்படுத்தச் சொன்னதானால் இவர்கள் உங்களுக்கு நலம் நாடவில்லை, ஈடு உங்கள்மேல்தான் என்ற பொருளில் பதில் சொன்னார்கள்.

இந்த ஈட்டை ஆட்சியாளனின் குலத்தார் கொடுப்பதா, பைத்துல்மாலிலிருந்து கொடுப்பதா என்று பிற்காலச் சட்ட அறிஞர்கள் நிறைய வாதாடியிருக்கிறார்கள். உமர் (ரலி) அந்த வாதத்துக்குக் காத்திருக்கவில்லை. அந்தத் தொகையைத் தம் குலத்தாரான குறைஷியரிடையே பங்கிட்டு முடிக்கும் வரை இடத்தை விட்டு அகலக் கூடாது என்று அலியிடமே ஆணையிட்டுச் சொன்னார்கள்.